உரிமம் புதுப்பிக்க எத்தனை மணி நேரம்? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க மாநிலங்களில் பொறியாளர் உரிமம் வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம்மூரில் பி.இ. என்றால் பட்டப்படிப்பு. அமெரிக்காவில் பி.இ. என்றால் தேர்வும் அனுபவமும் முடித்து மாநில வாரியத்திடம் வாங்கும் 'புரொஃபஷனல் எஞ்சினியர்' உரிமம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. பட்டத்தை ஒருமுறை வாங்கினால் போதும், உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பல மாநிலங்கள் இத்தனை மணி நேரம் தொடர்கல்வி படித்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. இங்கே பேசுவது உரிமத்தைப் பற்றி மட்டும்.

ஐயா, டெக்சாஸ் உரிமம் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வருடத்துக்கு 15 மணி நேரம் படிக்க வேண்டும் என்கிறார்கள். எது கணக்கில் வரும், எது வராது? யாரிடம் காட்ட வேண்டும்?
– வாசகர், ஹூஸ்டன்

டெக்சாஸில் வருடத்துக்கு 15 பி.டி.எச்., அதாவது தொழில் வளர்ச்சி மணி நேரம். அதில் குறைந்தது ஒன்று தொழில் நெறிமுறை பற்றியதாக இருக்க வேண்டும். பொறியாளரின் கடமைகள், அல்லது டெக்சாஸ் பொறியியல் சட்டமும் வாரிய விதிகளும் என்ற தலைப்புகளும் இந்த ஒரு மணி நேரத்துக்குப் பொருந்தும். ஒரு பி.டி.எச். என்பது குறைந்தது 50 நிமிடப் பாடம். காபி இடைவேளையும் சாப்பாட்டு நேரமும் அதில் சேராது. காலை 9 முதல் மாலை 5 வரை கருத்தரங்கு நடந்தது என்பதற்காக 8 என்று எழுதிவிடாதீர்கள். சான்றிதழில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

உரிமம் முடியும் நாள் எல்லோருக்கும் ஒன்றல்ல. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்ற நான்கு காலாண்டு முடிவுகளில் ஒன்றாக இருக்கும். உங்கள் 'வருடம்' அந்தத் தேதியை ஒட்டியது. ஜூன் 30-இல் உரிமம் முடிகிறவர் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று எண்ணினால், பாதி மணி நேரம் தவறான கணக்கில் போய் விழும்.

புதுப்பிக்கும்போது சான்றிதழ் எதையும் அனுப்ப வேண்டாம். 'நிபந்தனையை நிறைவேற்றிவிட்டேன்' என்று உறுதிமொழி கொடுத்தால் போதும். ஆனால் வாரியம் குலுக்கல் முறையில் சிலரைத் தணிக்கைக்கு எடுக்கும். அதற்காக 3 ஆண்டுப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தானாகப் புத்தகம் படித்துக் கற்பதற்கு வருடத்துக்கு 5 பி.டி.எச். வரைதான் இடம்.

ஒரு எச்சரிக்கை. டெக்சாஸ் வாரியம் எந்தப் பாடத்துக்கும் எந்த நிறுவனத்துக்கும் முன் அனுமதி கொடுப்பதில்லை. 'டெக்சாஸ் வாரியம் அங்கீகரித்தது' என்று விளம்பரம் செய்கிறவருக்கு விதியே தெரியவில்லை என்று அர்த்தம். அவரிடம் நெறிமுறை வகுப்பு எடுப்பது இன்னும் வேடிக்கை.

ஃபுளோரிடா உரிமத்துக்கு 18 மணி நேரம்தான் கேட்கிறார்கள். என்னிடம் 22 மணி நேரச் சான்றிதழ் இருக்கிறது, எல்லாம் பாலம் வடிவமைப்பு பற்றியவை. பிப்ரவரியில் நிம்மதியாகப் புதுப்பிக்கலாம் அல்லவா?
– வாசகர், டாம்பா

முடியாது. 22 இருந்தும் உங்களுக்கு இரண்டு மணி நேரம் குறைகிறது.

ஃபுளோரிடாவின் 18, நான்கு கட்டுகளாகப் பிரிந்தது. நீங்கள் தொழில் செய்யும் துறையில் 4, தொழில் நெறிமுறையில் 1, ஃபுளோரிடா சட்டமும் விதிகளும் 1, பொறியியல் தொழிலோடு தொடர்புள்ள எந்தத் தலைப்பிலும் 12. உங்கள் பாலப் பாடங்கள் முதல் கட்டையும் கடைசிக் கட்டையும் நிரப்பிவிட்டன. நடுவிலுள்ள இரண்டும் காலி. எத்தனை மணி நேரம் தொழில்நுட்பம் படித்தாலும் அந்த இடத்தில் போட முடியாது.

'சட்டமும் விதிகளும்' வகுப்பைக் கண்ட இடத்தில் எடுக்கக் கூடாது. ஃபுளோரிடா வாரியம் அனுமதித்த வழங்குநரிடம்தான் எடுக்க வேண்டும். டெக்சாஸ் விதிகளைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு அதைக் காட்டினால் செல்லாது. ஃபுளோரிடா உரிமங்கள் ஒற்றைப்படை ஆண்டின் பிப்ரவரி 28-இல் முடியும். மிச்சமுள்ள உங்கள் 6 மணி நேரம் அடுத்த சுற்றுக்கு வராது. அதைப் படிப்பின் லாபமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். நியூ ஜெர்சி, நியூயார்க், ஃபுளோரிடா, டெக்சாஸ் என நான்கு உரிமங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படித்தால் சம்பாதிக்க நேரம் இருக்காது. வழி உண்டா?
– வாசகர், எடிசன்

தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை. ஒரு பாடம் நான்கு மாநிலங்களின் விதிக்கும் பொருந்தினால் நான்கிலும் அதைக் காட்டலாம். கஷ்டம் மணி நேரத்தில் இல்லை, சாளரங்களில் இருக்கிறது. எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் நடுவே முடித்தீர்கள் என்பதுதான் கேள்வி.

நியூ ஜெர்சி: இரண்டு ஆண்டுக்கு 24, அதில் நெறிமுறை 2. இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரல் 30-இல் முடியும். ஃபுளோரிடா: மேலே சொன்ன 18. டெக்சாஸ்: வருடத்துக்கு 15. நியூயார்க்கின் அமைப்பே வேறு. அங்கே உரிமம் ஆயுளுக்கும் உண்டு, புதுப்பிப்பது 'பதிவை'. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 36 மணி நேரம். அதில் குறைந்தது 18 முறையான வகுப்புகளாக இருக்க வேண்டும். கட்டுரை எழுதுவது, உரை நிகழ்த்துவது போன்றவை மீதிக்குத்தான் ஆகும். நெறிமுறை ஒரு மணி நேரம் கட்டாயம். பதிவுகளை 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். முதன்முதலாக உரிமம் கிடைத்த அந்த மூன்றாண்டுப் பதிவுக் காலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

நான்கில் கடுமையானது டெக்சாஸின் வருடாந்தரக் கணக்கு. அதையே அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 15, அதில் நெறிமுறை 1. இரண்டு ஆண்டில் 30 ஆகும். நியூ ஜெர்சியின் 24-ம் ஃபுளோரிடாவின் 18-ம் அதற்குள் அடங்கும். நெறிமுறையும் 2 ஆகிவிடும். மூன்று ஆண்டில் 45, நியூயார்க்கின் 36-ஐத் தாண்டிவிடும். இதோடு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஃபுளோரிடா சட்ட வகுப்பு ஒரு மணி நேரம் எடுத்தால் போதும். வழங்குநரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் நான்கில் எந்த மாநிலம் கறாரோ அதன் விதியைப் பார்த்து எடுங்கள். நியூயார்க் ஏற்கும் வழங்குநரா, ஃபுளோரிடா அனுமதி எண் சான்றிதழில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள்.

பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. டெக்சாஸில் மிகுதியாகப் படித்த மணி நேரத்தில் 14 வரை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம். டிசம்பர் 31-இல் டெக்சாஸ் உரிமம் முடியும் ஒருவர் 2024 டிசம்பரில் ஒரே மூச்சில் 29 மணி நேரம் முடிக்கிறார் என்று வையுங்கள். 15 அந்த ஆண்டுக்கு, 14 அடுத்த ஆண்டுக்கு. 2025-இல் நெறிமுறை ஒரு மணி நேரம் மட்டும் எடுக்கிறார். டெக்சாஸ் கணக்கு சரி. 2026-இல் வழக்கம்போல 15. அதுவும் சரி. இப்போது ஃபுளோரிடாவைப் பாருங்கள். 2025 மார்ச் முதல் 2027 பிப்ரவரி வரையிலான சாளரத்தில் அவரிடம் இருப்பது 1-ம் 15-ம், ஆக 16. வேண்டியது 18. 2024 டிசம்பரில் படித்தது முந்தைய சுற்றோடு போய்விட்டது. ஒரு மாநிலம் கொடுத்த சலுகை இன்னொரு மாநிலத்தில் ஓட்டை போட்டுவிட்டது. பல உரிமம் உள்ளவர்கள் எடுத்துச் செல்லும் வசதியை நம்பி ஓர் ஆண்டைச் சும்மா விடக் கூடாது.

இந்தக் கணக்குகளைக் கையால் போட வேண்டாம் என்றால், மாநில உரிம வாரியங்களின் கூட்டமைப்பான என்.சி.இ.இ.எஸ். தளத்தில் உள்ள உங்கள் கணக்கில் தொடர்கல்வியைப் பதியும் வசதி இலவசமாகவே இருக்கிறது. சான்றிதழை ஏற்றினால் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு நிறைந்தது என்று காட்டும். தணிக்கை வந்தால் அங்கிருந்தே வாரியத்துக்கு அனுப்பவும் முடியும். ஆனாலும் ஒரு நகலை உங்கள் கணினியில் வையுங்கள்.

ஒரு பயிற்சிக்கு '0.6' என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம்கூட இல்லையா?
– வாசகர், சிகாகோ

எண்ணுக்குப் பக்கத்தில் சி.இ.யு. (தொடர்கல்வி அலகு) என்று இருக்கும், பாருங்கள். ஒரு சி.இ.யு. என்றால் 10 பி.டி.எச். உங்களுக்குக் கிடைத்தது 6 மணி நேரம். பதிவேட்டில் எழுதும்போது 6 பி.டி.எச். என்று மாற்றி எழுதி, பக்கத்தில் 0.6 சி.இ.யு. என்றும் குறித்துவிடுங்கள். இல்லினாய்ஸில் இரண்டு ஆண்டுக்கு 30 வேண்டும். அதில் நெறிமுறைக்கும் மாநிலச் சட்ட விதிகளுக்கும் தனித்தனி மணி நேரம் உண்டு, பாலியல் தொந்தரவுத் தடுப்புப் பயிற்சி ஒரு மணி நேரமும் கேட்பார்கள். கடைசியில் சொன்னதை 'அலுவலகத்திலேயே முடித்துவிட்டேனே' என்று சொல்லிச் சான்றிதழ் வாங்காமல் விடுபவர்கள் உண்டு. முடித்திருந்தாலும் தாள் வேண்டும்.

மாலை நேரத்தில் எம்.எஸ். படிக்கிறேன். இந்த ஆண்டு 3 கிரெடிட் பாடம் ஒன்று முடித்தேன். டெக்சாஸ் உரிமத்துக்கு இனி பல வருடம் கவலை இல்லை என்கிறார் நண்பர்.
– வாசகர், டாலஸ்

நண்பர் பாதி சரி. டெக்சாஸ் கணக்கில் ஒரு செமஸ்டர் கிரெடிட்டுக்கு 15 பி.டி.எச். மூன்றுக்கு 45. இந்த ஆண்டுக்கு 15 போனால் மிச்சம் 30. அதில் 14-தான் அடுத்த ஆண்டுக்குப் போகும். 16 வீண். ஆகவே கவலை இல்லாத காலம் இந்த ஆண்டும் அடுத்த ஆண்டின் பெரும்பகுதியும்தான். நெறிமுறை மணி நேரம் இதில் அடங்காது, அதை ஒவ்வோர் ஆண்டும் தனியாக எடுங்கள்.

என்.சி.இ.இ.எஸ். வகுத்த பொது மாதிரியில் இதே கிரெடிட்டுக்கு 45 பி.டி.எச். தருகிறார்கள். இணையத்தில் யாரோ எழுதிய '3 கிரெடிட்டுக்கு 135' என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. உங்கள் மாநிலம் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது என்று பார்க்காமல் அதை எழுதிவிடாதீர்கள். சான்றாக அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல் வேண்டும். கட்டண ரசீது மட்டும் போதாது.

தணிக்கைக் கடிதம் வந்துவிட்டது. கை நடுங்குகிறது. பாதிச் சான்றிதழ்கள் பழைய நிறுவனத்தின் மின்னஞ்சலில் போய்விட்டன. என்ன செய்வது?
– வாசகர், ஆஸ்டின்

நடுங்க வேண்டாம். குலுக்கலில் உங்கள் பெயர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் மேல் புகார் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

முதல் வேலை, கடிதத்தில் எந்தக் காலத்துக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கேட்காத ஆண்டின் சான்றிதழ்களை மூட்டையாகக் கட்டி அனுப்பினால் பரிசீலிப்பவர்தான் குழம்புவார். அடுத்து, ஒரு பதிவேடு தயாரியுங்கள். தேதி, பாடத்தின் பெயர், நடத்தியவர், இடம் அல்லது இணையம், கால அளவு, பி.டி.எச்., நெறிமுறையா தொழில்நுட்பமா என்று ஒரு வரிக்கு ஒரு பாடம். வரிகளுக்கு எண் போட்டு, அந்த எண்ணையே ஒவ்வொரு சான்றிதழின் மூலையிலும் போடுங்கள். மொத்தத்தைக் கடைசி வரியில் கூட்டிக் காட்டுங்கள். கோப்புக்கு 'ஸ்கேன்0047' என்று பெயர் வைத்து அனுப்புகிறவர்களை நினைத்துத்தான் வாரியத்தில் இருப்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

காணாமல் போன சான்றிதழ்களுக்கு, பாடம் நடத்திய தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் மீண்டும் பதிவிறக்கலாம். கணக்கு பழைய அலுவலக முகவரியில் இருந்தால் வழங்குநருக்கு எழுதி, பெயரையும் உரிம எண்ணையும் கொடுத்துப் புது நகல் கேளுங்கள். சங்கக் கூட்டம் என்றால் வருகைப் பதிவேடு சங்கத்தின் செயலரிடம் இருக்கும். இனிமேல் தொடர்கல்விக்கு எப்போதும் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள். வேலை மாறும், உரிமம் உங்களோடு வரும்.

எல்லாம் தேடியும் இரண்டு மணி நேரம் குறைகிறது என்றால், குறைகிறது என்றே எழுதுங்கள். கூடவே எப்போது நிறைவு செய்வீர்கள் என்று சொல்லுங்கள். குறைவுக்கு விளக்கம் கேட்பார்கள், அபராதமும் வரலாம். ஆனால் இன்று ஒரு பாடத்தை முடித்துவிட்டுத் தேதியை மாற்றிய சான்றிதழ் அனுப்பினால் கதை வேறு. முடித்த தேதி வழங்குநரின் சர்வரில் இருக்கிறது. மணி நேரம் குறைந்தது நிர்வாகத் தவறு. பொய்ச் சான்று கொடுத்தது நெறிமுறைக் குற்றம். இரண்டாவதற்கு உரிமமே போகலாம்.

சென்னையில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. டெக்சாஸ், ஃபுளோரிடா உரிமங்கள் உண்டு. இங்கிருந்தே என்பிடெல் பாடங்கள் படித்தால் ஏற்பார்களா?
– வாசகர், தரமணி

எங்கே உட்கார்ந்து படித்தீர்கள் என்பது பிரச்சினை இல்லை. பாடம் பொறியியல் திறமையை வளர்ப்பதாக இருக்க வேண்டும், நேரத்துக்கும் முடித்ததற்கும் சான்று இருக்க வேண்டும். ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் நடத்தும் இணையப் பாடத் தளமான என்பிடெலில் தரத்துக்குக் குறைவில்லை. சிக்கல் தாளில்தான். அதன் சான்றிதழ் '12 வாரப் பாடம்' என்று சொல்லும், பி.டி.எச். என்று சொல்லாது. 12 வாரத்தை நீங்களே ஒரு எண்ணாக மாற்ற வேண்டியிருக்கும். விரிவுரைகளின் நிமிடங்களைக் கூட்டி 50-ஆல் வகுத்து, பாடத்திட்டத்தையும் விரிவுரைப் பட்டியலையும் சான்றிதழோடு இணைத்து வையுங்கள். பயிற்சிக் கணக்குப் போட்ட இரவுகளையெல்லாம் சேர்க்காதீர்கள். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் இது நிற்கும். காணொளியை மட்டும் பார்த்தால் அது தானாகக் கற்பது, டெக்சாஸில் அந்த 5-க்குள் அடங்கிவிடும். முன் அனுமதி கேட்காத டெக்சாஸுக்கு இது ஒத்துவரும். ஃபுளோரிடாவின் சட்ட வகுப்புக்கு ஒத்துவராது.

இந்தியாவில் இருப்பவர்கள் மறக்கும் விஷயம் கடிகாரம். பிப்ரவரி 28 நள்ளிரவு ஃபுளோரிடாவின் கிழக்குப் பகுதியில் என்றால் சென்னையில் மார்ச் 1 காலை 10.30. 'இன்னும் பத்து மணி நேரம் கையில் இருக்கிறது' என்று விடிய விடியப் படித்து முடித்தால், உங்கள் கணினியின் நேர மண்டலத்தைப் பார்த்துச் சில தளங்கள் மார்ச் 1 என்று தேதி அடித்துவிடலாம். ஒரு தேதிக்காக வாரியத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்துவதைவிட ஜனவரியில் முடிப்பது மேல்.

அலுவலகத்தில் மதிய உணவோடு நடக்கும் வகுப்புகள் கணக்கில் வருமா?
– வாசகர், ஷார்லட்

வரும், சில நிபந்தனைகளோடு. பம்ப் விற்பவர் வந்து பம்ப் தேர்வு செய்யும் முறையையும், உறிஞ்சு பக்க அழுத்தம் குறைந்தால் ஏன் பம்பின் சுழல் சக்கரமான இம்பெல்லர் அரிக்கிறது என்பதையும் விளக்கினால் அது பாடம். தன் மாடல் எண்களையும் விலையையும் சொன்னால் விளம்பரம். உபகரணக் காட்சியும் வர்த்தகக் கண்காட்சி அரங்குகளைச் சுற்றுவதும் பல மாநிலங்களில் கணக்கில் வராது. அன்றாட வேலையும் அலுவலகக் கூட்டமும் எங்குமே வராது.

இணைய வகுப்பை ஒருவர் கணக்கில் திறந்து பத்துப் பேர் அறையில் பார்த்தால், சான்றிதழ் ஒருவருக்குத்தான் வரும். குழுவாகப் பார்க்க வழங்குநர் அனுமதிக்கிறாரா என்று முன்பே கேட்டு, கையெழுத்துத் தாள் ஒன்றை அனுப்பி, பத்துப் பெயருக்கும் சான்றிதழ் வாங்குங்கள். பீட்சாவுக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியைக் கையெழுத்துத் தாளுக்குக் காட்டினால் போதும்.

இருபது ஆண்டு அனுபவம் இருக்கிறது. 'லஞ்சம் வாங்காதே' என்று சொல்ல ஒரு மணி நேர வகுப்பா?
– வாசகர், பிட்ஸ்பர்க்

அப்படிச் சொல்லும் வகுப்புகள் உண்டு, அவை நேர விரயம்தான். நல்ல வகுப்பு கையெழுத்தைப் பற்றிப் பேசும்.

கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் 1981 ஜூலை 17-இல் விழுந்து 114 பேர் இறந்தனர். முதல் வடிவமைப்பில் ஒரே நீளக் கம்பி மேல் நடைபாதையையும் கீழ் நடைபாதையையும் தாங்கியது. நீளக் கம்பியைத் திருகுவது சிரமம் என்று தயாரிப்பின்போது அதை இரண்டு கம்பிகளாக்கினார்கள். கீழ் நடைபாதை மேல் நடைபாதையிலிருந்து தொங்கியது. பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் மேல் உத்தரத்தின் நட்டில் விழும் சுமை இரட்டிப்பாகிவிட்டது. ஷாப் டிராயிங்கில் (தயாரிப்பாளரின் வரைபடத்தில்) பொறியாளரின் முத்திரை இருந்தது, அந்த இணைப்பை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பொறுப்பான பொறியாளர்கள் மிசூரி உரிமத்தை இழந்தார்கள். லஞ்சம் யாரும் வாங்கவில்லை.

2018 மார்ச் 15-இல் மயாமியில் பல்கலைக்கழக நடைபாலம் விழுந்து 6 பேர் இறந்ததையும் சேர்த்துப் பாருங்கள். விரிசல்கள் பல நாட்களாகத் தெரிந்தன. அன்று காலை அவற்றைப் பற்றிக் கூட்டமே நடந்தது. கீழே சாலையை மூடச் சொல்ல யாரும் முன்வரவில்லை. 'மூடு' என்று சொல்லும் பொறுப்பு யாருடையது, எந்த நிமிடத்தில்? ஒரு மணி நேரம் பேச இது போதாதா?

எந்தப் பாடங்களை எடுத்தால் உபயோகம்? 15 மணி நேரத்தையும் மலிவான இணையப் பாடப் பொதிகளில் முடித்துவிடுகிறேன், ஒன்றும் மனதில் நிற்பதில்லை.
– வாசகர், ராலே

பொதி வாங்குவதில் தவறில்லை. ஆனால் 30 பக்க பி.டி.எஃப்.பைத் திறந்து, கடைசியில் உள்ள 10 கேள்விகளுக்குத் தேடிப் பிடித்துப் பதில் போடுவது படிப்பல்ல. உங்கள் வேலையில் எந்த விதித்தொகுப்பு மாறியிருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

கட்டுமானப் பொறியாளர் என்றால் கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளைச் சொல்லும் ஏ.எஸ்.சி.இ. 7-22. டொர்னாடோ எனும் சுழல்காற்றின் சுமைக்குத் தனி அத்தியாயமே வந்துவிட்டது. வெள்ளச் சுமைக்கான அதன் துணை வெளியீடு சாதாரணக் கட்டடங்களுக்கும் 500 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தைப் பார்க்கச் சொல்கிறது. கான்கிரீட்டில் ஏ.சி.ஐ. 318-19 விதித்தொகுப்பு கொண்டுவந்த வெட்டு விசை மாற்றத்தை இன்னும் சிலர் பழைய எக்செல் தாளில் திருத்தவில்லை. குறைந்தபட்ச வெட்டுக் கம்பி இல்லாத தடித்த உறுப்புகளுக்கு இப்போது அளவைப் பொறுத்த வலிமைக் குறைப்பு உண்டு. பயனுறு ஆழம் 10 அங்குலம் வரை குறைப்பு இல்லை. 30 அங்குலம் என்றால் காரணி 0.71-க்கு இறங்குகிறது. பழைய சூத்திரத்தில் தேறிய தடித்த தளப் பலகை புதியதில் தேறாமல் போவது இதனால்தான். இதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றால் அடுத்த வாரமே கைகொடுக்கும்.

மின்துறையினருக்கு நேஷனல் எலக்ட்ரிக்கல் கோடு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. உங்கள் ஊர் எந்தப் பதிப்பை ஏற்றிருக்கிறது என்று பார்த்து அதற்கான வகுப்பை எடுங்கள். புதிய பதிப்பைக் கற்று, பழைய பதிப்பு நடப்பில் இருக்கும் ஊரில் வரைபடம் கொடுத்துத் திருப்பி வாங்குவதும் நடக்கிறது.

அதே பாடத்தை அதே சுற்றில் இரண்டாம் முறை எடுத்தால் மணி நேரம் கிடையாது. பொதி வாங்கும்போது பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தலைப்பை மட்டும் மாற்றிப் பழைய சரக்கையே விற்பவர்கள் உண்டு.

அப்பாவின் சிகிச்சைக்காக ஆறு மாதம் மதுரையில் இருக்க வேண்டியதாகிவிட்டது. விலக்கு கிடைக்குமா?
– வாசகி, சான் அன்டோனியோ

உடல்நலக் குறைவுக்கும் அசாதாரணச் சூழ்நிலைக்கும் விலக்குக் கேட்க டெக்சாஸ் விதியில் இடம் உண்டு. ஆனால் தானாகக் கிடைக்காது. வாரியம் ஏற்க வேண்டும். உரிமம் முடிவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். மருத்துவமனைக் கடிதம், பயணத் தேதிகள் இணையுங்கள். பதில் வரும்வரை விலக்கு உண்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பதில் பாதகமாக வந்தாலும் தாங்கும்படி, மருத்துவமனையில் காத்திருக்கும் நேரங்களில் வாரத்துக்கு ஒரு மணி நேர இணைய வகுப்பு எடுத்தால் நான்கு மாதத்தில் 15 ஆகிவிடும்.

கொஞ்ச காலம் டெக்சாஸ் வேலையே செய்யப் போவதில்லை என்றால் உரிமத்தைச் செயலற்ற நிலைக்கு மாற்றலாம். அப்போது தொடர்கல்வி வேண்டாம், ஆனால் அங்கே தொழில் செய்யவோ முத்திரையிடவோ முடியாது. திரும்பச் செயலுக்கு வரும்போது தொடர்கல்வியைக் காட்ட வேண்டியிருக்கும். அப்பா விரைவில் நலம் பெறட்டும்.

கலிஃபோர்னியாவில் எத்தனை மணி நேரம்?
– வாசகர், ஃப்ரீமாண்ட்

பூஜ்யம். கலிஃபோர்னியா, அரிசோனா, மாசசூசெட்ஸ் மாநிலங்கள் பொறியாளர் உரிமத்துக்குத் தொடர்கல்வி மணி நேரம் கேட்பதில்லை. கட்டணம் கட்டிக் காலத்தில் புதுப்பித்தால் சரி. ஆனால் ஃப்ரீமாண்டில் வசித்துக்கொண்டு டெக்சாஸ் உரிமமும் வைத்திருந்தால், டெக்சாஸின் 15-லிருந்து தப்ப முடியாது. வசிக்கும் ஊரை வைத்து அல்ல, உரிமம் கொடுத்த மாநிலத்தை வைத்துத்தான் கணக்கு.

உரிமம் மார்ச் 31-இல் முடிந்ததைக் கவனிக்கவில்லை. ஏப்ரல் 4-இல் ஒரு வரைபடத்துக்கு முத்திரையிட்டு அனுப்பிவிட்டேன். இன்று ஏப்ரல் 9. தாமதக் கட்டணம் கட்டினால் போதுமா?
– வாசகர், டெக்சாஸ்

கட்டணம் உரிமத்தைச் சரிசெய்யும். அந்த வரைபடத்தைச் சரிசெய்யாது. காலாவதியான உரிமத்தில் முத்திரையிடுவது தனி விதிமீறல். முத்திரைக்குப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இருப்பதால் மறைக்கவும் வழியில்லை. அனுமதி அலுவலகத்தில் இருப்பவர் வாரியத்தின் பட்டியலில் உங்கள் பெயரைத் தட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

இன்றே புதுப்பியுங்கள். அதுவரை எதற்கும் முத்திரை போடாதீர்கள். மணி நேரம் நிறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் அவசரத்தில் உறுதிமொழிக் கட்டத்தை டிக் செய்துவிடாதீர்கள், ஒரு தவறு இரண்டாகிவிடும். நிறுவனத்தில் மேலே இருப்பவரிடம் இன்றே சொல்லுங்கள். அங்கே உரிமம் பெற்ற ஒரே பொறியாளர் நீங்கள் என்றால் நிறுவனத்தின் பதிவும் உங்கள் உரிமத்தின் மேல்தான் நிற்கிறது. உரிமம் நடப்புக்கு வந்த பின், வரைபடத்தை வாங்கியவருக்கு எழுத்தில் தெரிவித்து, மறுபடி பார்த்து, அன்றைய தேதியோடு புதிதாக முத்திரையிட்டு அனுப்புங்கள். ஏப்ரல் 4 என்று பழைய தேதி போடாதீர்கள். வாரியத்திடம் நீங்களே போய்ச் சொல்வதா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

டெக்சாஸில் காலாவதியாகி இரண்டு ஆண்டு கடந்துவிட்டால் புதுப்பிக்கவே முடியாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு ஒன்பது நாள்தான் ஆகிறது.